சிறியது என்ற ஆறுதல்

இலண்டனில் பத்தாண்டுகள் நான் கைத்துப்பாக்கிப் போட்டியாளனாக இருந்தேன். இதைச் சொன்னவுடன் நம்மவர் முகங்களில் உண்டாகும் மாற்றத்தை நன்கறிவேன். யாழ்ப்பாணத்தான் ஒருவன் துப்பாக்கி என்று வாய் திறந்தால் எந்த இயக்கம் என்பதே அடுத்த வினா. நான் எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை. நோர்பரியில் குடியிருந்த கணித ஆசிரியன். கிழமைக்கு ஒரு மாலை, தொடருந்துப் பாலத்தின் கீழிருந்த கழகமொன்றில் இருபத்தைந்து மீற்றர் தொலைவிலுள்ள தாளைத் துளைப்பவன். அவ்வளவே. ஒரு கையை நீட்டி, மறு கையைக் காற்சட்டைப் பைக்குள் இட்டு, மூச்சைப் பாதியில் நிறுத்தி நிற்கும்போது ஊரிலிருந்து வந்த எந்தச் செய்தியும் என்னை எட்டாது. எண்பதுகளில் அத்தகைய இடம் எனக்கு வேறெங்கும் இருக்கவில்லை.

துவக்கு, பிஸ்டல் என்ற சொற்களை வீட்டில் நான் விரும்பவில்லை. துப்பாக்கி என்பதே துருக்கியச் சொல் என்பதால் ‘சுடுகருவி’ என்று வழங்கிப் பார்த்தேன். மனைவி சிரித்தாள்.

“சுடுகருவி எண்டா அயன் பொக்ஸ் எண்டெல்லோ சனம் நினைக்கும்.”

சொந்தமாக ஒன்றை வைத்திருக்கக் காவல் துறையின் உரிமம் வேண்டும். விண்ணப்பத்தில், என்னை ஈராண்டுகளேனும் அறிந்த மதிப்புக்குரிய ஒருவர் சான்றளித்துக் கையொப்பமிட வேண்டும். கழகத்தின் அணித்தலைவர் என்னை நன்கறிந்தவர். ஆனால் அவர் ஓய்வுபெற்ற தபாற்காரர். மதிப்புக்குரியோர் பட்டியலில் தபாற்காரருக்கு இடமில்லை. வெம்பிளியில் வாழ்ந்த மருத்துவ நண்பரிடம் போனேன். தேநீர் தந்தார், படிவத்தைத் தொடவில்லை.

“குறை நினையாதேங்கோ மாஸ்டர். துவக்குக்கு நான் கையெழுத்து வைக்கேலாது. நாளைக்கு ஏதும் நடந்தா என்ர பேரும் பேப்பரில வரும்.”

சமயகுருமாருக்குப் பட்டியலில் இடம் இருந்தது. ஆகவே கோயிற் குருக்களிடம் சென்றேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“இதால ஆரையும் சுடுவியளோ?”

“தாளைத்தான் ஐயா.”

“தாள் பாவம். சரி, தாங்கோ.”

தாளின் தலைப்பில் முதலில் ‘உ’ என்று பிள்ளையார் சுழி இட்டு, அதன் பின்னரே கையொப்பமிட்டார். எந்தத் தாளையும் அவர் அப்படித்தான் தொடங்குவார். எனக்கும் அதில் விகற்பம் தோன்றவில்லை.

சில கிழமைகளில், துப்பாக்கியை வைக்கச் சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியைப் பார்வையிட உரிமப் பிரிவின் அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெட்டியில் அவருக்குக் குறை தெரியவில்லை. ஆனால் ஒரு துப்பாக்கிக்கு விண்ணப்பித்துவிட்டு மேலே எதற்காக இரண்டு என்று எழுதியிருக்கிறேன் என்று வினவினார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். பிள்ளையார் சுழி அவர் கண்ணுக்கு ஆங்கில இரண்டாகப் பட்டிருக்கிறது. எம் மொழியில் அது கடவுளை நினைந்து இடும் குறி என்று விளக்கினேன். அவர் பணிவாகக் கேட்டார்; பின் அதை வெட்டி, அருகில் சிற்றொப்பம் இடச் சொன்னார். இட்டேன்.

அவர் போனபின் மனைவி சொன்னாள்: “பிள்ளையாரை வெட்டி லைசென்ஸ் எடுத்த ஆள் உலகத்தில நீங்கள் ஒருத்தர்தான்.”

இவ்வாறு பெற்ற உரிமத்துடன் சுடத் தொடங்கினேன். என்னுடையது மிகச் சிறிய குண்டு இடும் சிறிய குழல். அணித்தலைவருடையது பெரிய குழல். நாற்பதாண்டுகள் அவ்வகையிலேயே பழகியவர். என் தோள் சரிவதை முதலில் கண்டு சொன்னவரும், மாவட்டத் தெரிவுக்கு என் பெயரை ஆண்டுதோறும் எழுதி அனுப்பியவரும் அவரே. மாவட்ட அணியில் நால்வர். ஆறு ஆண்டுகள் நான் ஐந்தாமவனாக வெளியில் நின்றேன். அந்த நான்காம் இடத்தை வேறெதையும் விரும்பாத அளவுக்கு விரும்பினேன் என்பதை மறைப்பதற்கில்லை.

தொண்ணூற்றாறில் ஸ்கொட்லாந்துப் பள்ளியொன்றில் ஒருவன் சிறு பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றான். அவன் கையில் இருந்தவை உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகள். மறுநாட் காலை நானும் ஒரு வகுப்பின்முன் நின்றேன். வருகைப் பதிவைக் கூப்பிட என்னால் இயலவில்லை. பிள்ளைகளை இழந்த பெற்றோர் கைத்துப்பாக்கிகளையே தடைசெய்யுமாறு கேட்டார்கள். எங்கள் கசப்பைச் சபையில் எடுத்துரைக்க வழியே இருக்கவில்லை. எதைச் சொன்னாலும் அப்பிள்ளைகளுக்கு எதிராகச் சொன்னதாகவே ஒலித்தது.

அவ்வாண்டின் இறுதியில் சட்டமூலம் வந்தது. பெரிய குழல்கள் யாவும் ஒப்படைக்கப்பட வேண்டும். சிறிய குழல்களைக் கழகத்திலேயே பூட்டி வைத்துச் சுடலாம் என்றது. அதை வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது துயரமன்று. ஆறுதல்.

அடுத்த ஆண்டு, அது நிறைவேறுவதற்கு முன்பே, போட்டியாளர்கள் நகர நடுவில் ஊர்வலம் போகத் திட்டமிட்டார்கள். அணித்தலைவர் தொலைபேசியில் அழைத்தார். சிறிய குழற்காரரும் வந்தால்தான் எண்ணிக்கை தேறும் என்றார். அடுத்து உங்கள் முறை வரும் என்றும் சொன்னார். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றேன். அது பொய்யன்று, ஆனால் தாள்கள் ஞாயிறு வரை பொறுத்திருக்கும். என் படம் செய்தித்தாளில் வந்தால் உரிமப் பிரிவு என்ன நினைக்கும், அணித் தெரிவு என்னாகும் என்றே அஞ்சினேன். அதே தெருக்களில் ஊருக்காகப் பலமுறை நடந்தவன் நான்.

சனிக்கிழமை நண்பகலில் மனைவி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நீங்கள் போகேல்லையோ?”

“எங்கட சின்னது. இது எங்களுக்கில்லை.”

“ஊரிலயும் கனபேர் இப்பிடித்தான் சொன்னவை. நான் கேட்டனான்.”

நான் தாளைத் திருப்பினேன்.

கோடையில் எனக்கு நான்காம் இடம் கிடைத்தது. கடிதத்தை இருமுறை வாசித்தேன். இலையுதிர் காலத்தில் அணித்தலைவர் தம்முடையதைக் காவல் நிலையத்தில் தனியே சென்று ஒப்படைத்தார். அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. புதிய அரசு இரண்டாவது சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் சிறியது பெரியது என்ற வேறுபாடு இல்லை. நான் மாவட்டத்துக்காக ஒரு குண்டும் சுடவில்லை.

சிறிய குழற்காரர் நாங்கள் அவசரமாக ஒரு விண்ணப்பம் எழுதினோம். பெரிய குழற்காரரின் கையொப்பமும் சேர்ந்தால் வலுவாகும் என்று யாரோ சொன்னார்கள். அணித்தலைவரைக் கேட்கும் வேலை என்னிடம் வந்தது. கேட்டேன். அவர் சினக்கவில்லை. இப்போது புல்வெளியில் பந்துருட்டும் விளையாட்டுக்குப் போவதாகவும், துப்பாக்கி பற்றிய விண்ணப்பத்தில் இனித் தம் பெயர் பொருந்தாது என்றும் சொல்லி, என் மனைவியின் நலம் விசாரித்தார்.

தொண்ணூற்றெட்டின் பனிக்காலத்தில் நானும் ஒப்படைத்தேன். மேசைக்குப் பின்னிருந்த இளம் பெண் காவலர் வரிசை எண்ணைச் சரிபார்த்து, பற்றுச்சீட்டுத் தந்து, அடுத்தவரைக் கூப்பிட்டார். நம்மவர் கடைக்கு நான் போகுமுன்பே செய்தி எப்படியோ பரவியிருந்தது. மீன் வாங்க நின்றபோது முதலாளி உரக்கக் கேட்டார்:

“என்ன மாஸ்டர், ஆயுதம் ஒப்படைச்சாச்சோ? முழுக்கக் குடுத்தனீங்களோ, ஒண்டைப் பின்வளவில தாட்டு வச்சிருக்கிறியளோ?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எண்பத்தேழில் ஊரில் இயக்கங்கள் கொஞ்சத்தைக் கொடுத்து மிச்சத்தைப் புதைத்த ஆயுத ஒப்படைப்பை அறிந்த எவருக்கும் அது நல்ல பகிடிதான். நானும் சிரித்தேன். மீனை வாங்காமல் வெளியே வந்தேன்.

அன்று மாலை அணித்தலைவர் வீட்டுக்கு நடந்தேன். என்னிடம் ஆயத்தமான சொற்கள் இருந்தன. இலக்கணப் பிழையற்ற, நேர்மையான ஆங்கிலச் சொற்கள். அழைப்புமணியை அழுத்தினேன். அவர் கதவைத் திறந்தார், வீட்டுச் செருப்பு அணிந்திருந்தார். முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். நல்ல துப்பாக்கி அது, சமநிலை நன்றாயிருந்தது என்றார். பிறகு குளிரைப் பற்றிச் சொன்னார். ஊர்வலம் நடந்த அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நான் தொடங்கியபோது, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி, இரவு வணக்கம் கூறி, கதவை மெல்லச் சாத்தினார். பத்தாண்டுப் பழக்கத்தில் என்னை உள்ளே வரச் சொல்லாமல் அவர் அனுப்பியது அன்றுதான்.