பக்கத்து வீட்டில் மாட்டிய மணி

காமயகவுண்டன்பட்டியில் அந்த டிரைவர் வீட்டுக் கதவை முதன்முதலாக நான் தட்டிய அன்று, உள்ளேயிருந்து ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு. கதவு திறந்ததும் அவர் கேட்டார்.

"யாரு? என்னைக் கூட்டிட்டுப் போக எம் மகன் அனுப்புன ஆளா?"

"கூட்டிட்டுப் போக வரலங்கய்யா. நீங்க இங்கனயே இருக்கறதுக்கு என்ன செய்யலாம்னு பாக்க வந்தேன்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வழி விட்டு ஒதுங்கினார்.

கம்பத்தில் வயதானவர்களுக்கு வீட்டிலேயே உதவி செய்கிற ஒரு சின்ன அமைப்பில் நான் வேலை பார்க்கிறேன். ஒரு நர்ஸ், வாரம் இருமுறை வரும் ஒரு பிசியோதெரபிஸ்ட், வீடு வீடாகப் போக என்னோடு சேர்த்து மூன்று பெண்கள். அவ்வளவுதான் நாங்கள். பிரஷர் பார்ப்பது, மாத்திரையை நாள்வாரி டப்பாவில் பிரித்து வைப்பது, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடிப்பது, சமைக்க முடியாதவர்களுக்கு மகளிர் குழுவிலிருந்து மதியச் சாப்பாடு வரச் செய்வது என்று எல்லாம் சில்லறை வேலைகள். ஆனால் இந்தச் சில்லறை வேலைகள் இல்லாமல்தான் பலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு போக வேண்டியதாகிறது.

நான் இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அம்மா இறந்ததும், கோம்பையிலிருந்து என் அப்பாவை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். தட்டில் போட்டுக் கையில் கொடுத்தேன். குளிப்பாட்டினேன். சட்டைப் பொத்தானைக்கூட நானே போட்டுவிட்டேன். பாசம் என்றுதான் நினைத்தேன். ஒன்றரை வருடத்தில் அவருக்குத் தானாக வேட்டி கட்டத் தெரியாமல் போயிற்று. ஒருநாள் வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உரித்துக் கொடுப்பேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டிரைவருக்கு எழுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் குமுளி மலையேறி, கோட்டயத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் லாரியில் காய்கறியும் திராட்சையும் கொண்டுபோனவர். மனைவி தவறி நாலு வருடமாகிறது. போன வருடம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் மந்தமாகிவிட்டன. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மூன்றாவது மாடியில் வாடகை வீடு, லிஃப்ட் கிடையாது. இரண்டு மாதம் அங்கே இருந்தவர், அந்த இரண்டு மாதமும் தரையை மிதிக்கவில்லையாம்.

"காக்காகூட எனக்குக் கீழதான் பறந்துச்சு தாயி" என்றார்.

முதல் மாதத்தில் வேலை மளமளவென்று நடந்தது. குளியலறையில் இரண்டு கம்பிகள், உட்கார்ந்து போக வெஸ்டர்ன் டாய்லெட், கட்டில் காலுக்கு அடியில் கட்டைகள், வாசல் வரைக்கும் வழியில் வெளிச்சம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சியை, "ஒண்ணாங் கியரு, ரெண்டாங் கியரு" என்று எண்ணிக்கொண்டு செய்வார். மதியச் சாப்பாடு மட்டும் குழுவிலிருந்து வரும். காலையும் ராத்திரியும் தானே ஏதாவது செய்துகொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒன்றுதான் மிச்சம் இருந்தது. விழுந்துவிட்டால் கூப்பிட ஆள் வேண்டும். எங்களிடம் வயரில்லாத அழைப்பு மணிகள் இருந்தன. பொத்தானைக் கயிற்றில் கோத்து இவர் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். மணி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொரு வீட்டில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் திராட்சைத் தோட்டம், ஒருபக்கம் பூட்டிய வீடு. மறுபக்கம் ஒரே ஒரு வீடுதான். ஆடு வளர்த்துக்கொண்டு தனியாக இருக்கும் அறுபத்தைந்து வயது அம்மா.

"அவ வீட்டுலயா?" என்றார் டிரைவர். "எனக்கு மணியும் வேணாம், மண்ணும் வேணாம்."

பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அந்த அம்மா வீட்டு முருங்கைமரம் இவர் ஓட்டின் மேல் சாய்ந்து, கம்பளிப்பூச்சி கொட்டியதாம். சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுக்கப் போயிருந்த நாளில், ஆளை வைத்து அடியோடு வெட்டிவிட்டார். சாமி கும்பிட்டுத் திரும்பி வந்தவர் வெட்டுப்பட்ட மரத்தைப் பார்த்திருக்கிறார். அன்றோடு சரி.

நான் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். ஆட்டுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது.

"எனக்கும் அந்த ஆளுக்கும் பேச்சே கிடையாது, தெரியும்ல?"

"தெரியும்க்கா. பேச வேணாம். மணி அடிச்சா வந்து பாத்தாப் போதும்."

"பாத்துட்டு?"

"விழுந்து கெடந்தா எனக்குப் போன் பண்ணுங்க."

"விழாம நின்னா?"

"திரும்பி வந்துருங்க."

அவர் கீரைக்கட்டை முடிச்சுப் போட்டு ஆட்டின் முன்னால் தொங்கவிட்டார். பிறகு சொன்னார். "அந்த ஆளு பொஞ்சாதி இருந்தவரைக்கும் எங்கிட்ட பேசிக்கிட்டுத்தான் இருந்தா. புருசனுக்குத் தெரியாம. அவளுக்காக மாட்டிக்கிறேன். ஆனா அந்த வாசப்படி ஏற மாட்டேன். சன்னல் வழியாத்தான் பாப்பேன்."

டிரைவரைச் சம்மதிக்க வைக்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில், மணி இல்லையென்றால் மகன் திருப்பூருக்குத்தான் கூட்டிப்போவார் என்று சொன்னதும் கழுத்தை நீட்டினார்.

முதல் சில நாட்கள் பெரும்பாடு. மதியம் ஒருக்களித்துப் படுத்தால் பொத்தான் அமுங்கிவிடும். பக்கத்து வீட்டில் மணி அலறும். அந்த அம்மா போட்டது போட்டபடி ஓடிவந்து சன்னலில் எட்டிப் பார்ப்பார். இவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் போன் வரும்.

"ஒங்க டிரைவரு உசுரோடதான் இருக்கு. நல்லாத் தூங்குது. நான்தான் தூங்கல."

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய், பொத்தானுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்டி வைத்தேன். அதன்பிறகு மணி அடங்கிற்று. கார்த்திகை போய் மார்கழி வந்தது. அலுவலகக் கூட்டத்தில் இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே பேசினேன்.

மார்கழியில் ஒருநாள் காலை ஒன்பதரை மணி இருக்கும். உத்தமபாளையத்தில் ஒரு பாயம்மாவுக்குச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"வாங்க சீக்கிரம். விழுந்துட்டாக. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்."

எதற்கென்று தெரியாமலே 'விழுந்துட்டாக' என்ற சொல் காதில் நின்றது. அதுவரை அந்த அம்மா அவரை இந்த மரியாதையில் சொன்னதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேரவும் ஆம்புலன்ஸ் வரவும் சரியாக இருந்தது. அவர் அடுப்படியில் மல்லாந்து கிடந்தார். மேல் பலகையிலிருந்த மிளகாய்வற்றல் டப்பாவை எடுக்க முக்காலியில் ஏறியிருக்கிறார். முக்காலி ஒருபுறம், டப்பா ஒருபுறம், மிளகாய் எங்கும். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. தரை சுத்தமாகத் துடைத்து ஈரமாக இருந்தது. இடுப்பிலிருந்து கால்வரை வெளுத்த வேட்டி ஒன்று போர்த்தியிருந்தது. கழுத்தில் பொத்தான் அப்படியே கிடந்தது.

ஆம்புலன்ஸில் போகும்போது நான் கேட்டேன், "ஏன்யா அமுக்கல?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சின்னமனூர் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"விழுந்ததும் ஒண்ணுக்குப் போயிட்டேன் தாயி. வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு. அவ வந்து அந்தக் கோலத்துல என்னையப் பாக்கணுமா? கெடந்து சாவோம்னு கெடந்தேன்."

ஏழு மணிக்கு விழுந்தவர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படிக் கிடந்திருக்கிறார்.

அப்படியானால் அந்த அம்மா எப்படி வந்தார்? அன்று மதியம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரே சொன்னார். டிரைவரின் மூக்குக்கண்ணாடியையும் மாற்று வேட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தேனிக்கு வந்திருந்தார்.

"தெனம் எட்டு மணிக்கு வெளிய வந்து தொண்டையக் காறிக்கிட்டு நிப்பாக. எனக்கு அந்தச் சத்தத்தக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். பதினோரு வருசமாக் கேட்டுக் கேட்டு எரிஞ்சிருக்கேன். இன்னைக்கி எட்டரை ஆச்சு, ஒம்போதாச்சு, சத்தத்தக் காணோம். மனசு கேக்கல. சன்னல்ல பாத்தேன், ஆளில்ல. 'யோவ்'னு கத்துனேன். உள்ளேருந்து ஒரு முனகல்."

வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றவர், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். பார்த்ததும் நின்றிருக்கிறார். டிரைவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா நேராகக் கொல்லைக்குப் போய், கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்து வந்து அவர்மேல் போர்த்தி, அதற்கடியிலேயே ஈரவேட்டியை உருவி, அலசிப் போட்டிருக்கிறார். தரையைத் துடைத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அதற்கும் பிறகுதான் எனக்கு.

"முதல்லயே போன் பண்ணியிருக்கலாம்லக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"நாலு பேரு வருவாக, பாப்பாக. மனுசன் எப்படிப் பொறுப்பாரு?" என்றார்.

இத்தனை வருடம் இந்த வேலையைப் பார்க்கிறேன். எனக்குத் தோன்றியிருக்காது.

இடுப்பெலும்புக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டில் கீறல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். சாயங்காலம் மகன் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ராத்திரி ஏழு மணிக்கு அப்பாவுக்குப் போன் பண்ணுகிறவர். போன் எடுக்கத் தாமதமானால் சாப்பாடு இறங்காது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"போதும்க்கா" என்றார் என்னிடம். "நீங்க எல்லாம் செஞ்சீக, இல்லேங்கல. இனிமே தனியா விட முடியாது. வீட்டப் பூட்டிருவோம்."

உண்மையைச் சொன்னால், அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் பட்டது. கம்பி அடித்தோம், கட்டிலை உயர்த்தினோம், மணி கட்டினோம். ஆனால் அடுப்படிப் பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையில் தானே சமைத்துக்கொள்கிறவர் மிளகாய் டப்பாவை எங்கே வைத்திருக்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

மறுத்துப் பேசியது அந்த அம்மாதான். வராந்தா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"தனியா எங்கப்பா இருக்காக? பக்கத்துல நான் ஒருத்தி இருக்கறது ஒனக்குக் கண்ணுக்குத் தெரியலையா?"

மகன் திகைத்துப் போய் அவரைப் பார்த்தார். சின்ன வயதில் அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர், அப்பாவுக்குப் பயந்து பல வருடமாகத் தலைகுனிந்து தாண்டிப் போனவர். "அத்தே" என்றார்.

கட்டிலில் கிடந்த டிரைவர் சீலிங்கைப் பார்த்தபடி சொன்னார், "மாவுக்கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வர்றேன்டா. பொறவு கொண்டாந்து விட்டுரு."

அப்படித்தான் முடிவாயிற்று. ஆறு வாரம் மூன்றாவது மாடியில் இருந்துவிட்டு மாசி மாதம் திரும்பினார். இளைத்திருந்தார். அதற்குள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தச்சரோடு வந்து அடுப்படிப் பலகைகள் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போயிருந்தார். முக்காலியை வீட்டைவிட்டே அனுப்பினோம். இப்போது நான் புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் அளவு எடுப்பதில்லை. "காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்வீக, எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று கேட்டு, ஒருநாள் முழுக்கக் கூடவே நடக்கிறேன்.

அவர்கள் இருவரும் அதன்பிறகு ஒட்டி உறவாடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பேசுகிறார்கள், பெரும்பாலும் சண்டைதான். ஆட்டுப் புழுக்கை இவர் வாசலில் கிடப்பது பற்றி ஒரு சண்டை. இவர் டிவி சத்தம் பற்றி ஒன்று. சத்தமாகப் போட்டுக்கொள்ளும் சண்டை என்பதால் எனக்கு அதில் கவலை இல்லை.

போன வாரம் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலும் ஆளில்லை, ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போயிருப்பார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மகனுக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தபோது கம்பத்திலிருந்து டவுன் பஸ் வந்து நின்றது. முன்படியில் அவர். பிடித்து இறக்கக் கை நீட்டியவளை ஒரு பார்வை பார்த்தார். கையை மடக்கிக்கொண்டேன். ஊன்றுகோலை முதலில் இறக்கினார். பிறகு வலது கால். இடது காலை இழுத்துக்கொண்டு வர நேரம் எடுத்தது. பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்தது. கண்டக்டர் கையைக் காட்டி அதை நிறுத்தினார். இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகுதான் விசில் ஊதினார்.

"எங்கய்யா போனீக? சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சலூனுக்கு. இதுக்கெல்லாமா ஒங்கிட்ட லீவு கேக்கணும்?"

வழவழவென்று சவரம் செய்த முகத்தை வெயிலுக்குக் காட்டினார்.

"ஒரு பக்கம் மீசை ஏறியிருக்கா, நல்லாப் பாத்துச் சொல்லு தாயி."

பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. சொன்னேன். சலூன்காரரை மலையாளத்தில் ஏதோ திட்டிக்கொண்டே, எனக்கு முன்னால் நடந்தார்.