சிவப்பு ஷாப்டும் ஒரு கிளாஸ் பிளேன்டீயும்

நான் ஜோர்ஜியாவுக்குப் புறப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்த என் அண்ணன் பஸ்லி நானா, தங்கச்சியைக் கட்டுநாயக்காவுக்குத் தன் காரில்தான் கொண்டுபோவேன் என்று பிடிவாதமாக நின்றார். மாத்தளை திருகோணமலை வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என் நானா. கடையில் இருக்கும்போதும் அவர் நகங்களில் கிரீஸ் இருக்கும்.

கார், எங்கள் இருவரையும்விட வயதில் மூத்த பெட்டி லான்சர். பிறந்தபடியே மிச்சமிருப்பது கூரை மட்டும். ஸ்டியரிங், சீட், சைலன்சர் எல்லாம் நானா தன் கையால் மாற்றியவை. போன கிழமைதான் புரொபெல்லர் ஷாப்டைக் கழற்றி, தேய்ந்த மூட்டுகளை மாற்றியிருந்தார். எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுகளுக்குக் கொண்டுபோகும் அந்த நீண்ட குழாய், காருக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடப்பது. அதற்கும் பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்.

“யாரு நானா குனிஞ்சு பாக்கப் போறாங்க?”

“எனக்குத் தெரியும் தானே, அது சிவப்புண்டு.”

மாத்தளைக்குள் எந்தக் காரும் அறுபதைத் தொடுவதில்லை. வளைவுகள் விட்டாலும் பஸ்கள் விடா. அதனால் குருநாகலைத் தாண்டி வீதி நேரான பிறகுதான் விஷயம் தெரிந்தது. முள் அறுபதுக்கு வந்ததும் கார் காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. பின்சீட்டில் பிளாஸ்கிலிருந்து பாலில்லாத பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்த ஸஜீதா மதினியின் புது அபாயாவில் முழு டீயும் கொட்டியது.

நானா ஐம்பதுக்கு இறக்கினார். நடுக்கம் நின்றது, மரியாதையும் போனது. லொறிகள் எங்களை முந்தின. கட்டில் ஒன்றைக் கூரையில் கட்டியிருந்த முச்சக்கர வண்டியும் முந்தியது.

விமான நிலைய வாசலில் என் பையை இறக்கும்போது மதினி தீர்ப்பைச் சொன்னார்.

“இஞ்ச பாருங்க, இந்தக் கார பல்லேபொல நடராஜாவுக்குக் குடுத்துட்டு வேன் ஒண்டு எடுங்க. அந்த மனுசன் மாசா மாசம் வந்து கேக்குறாரு.”

“ஆட்டம் நின்னா?”

“நின்னா வெச்சிக்கோங்க. அம்றா திரும்பி வாற வரைக்கும் டைம். அவ வந்ததும் நான் முன்சீட்டுல பிளேன்டீ கிளாஸோட ஒக்காருவேன். நாலந்த தாண்டி நாவுல வரைக்கும் அறுபதுல போகணும். ஒரு சொட்டு சிந்தினா கார் நடராஜாவுக்கு.”

ஜோர்ஜியா முடிந்து துருக்கி, அங்கிருந்து அல்பேனியா என்று விடுதிகளில் கட்டில் விரித்துச் சம்பாதித்துக்கொண்டே சுற்றினேன். “அடுத்த மாசம் வாறேன்” என்று எழுதும்போதெல்லாம் நானாவிடமிருந்து உடனே குரல் பதிவு வரும்: “என்ன அவசரம் தங்கச்சி? இன்னும் ரெண்டு நாடு பாத்துட்டு வா.” பெண்பிள்ளை ஊர் சுற்றுவதை இவ்வளவு ஊக்குவிக்கும் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று பெருமைப்பட்டேன். ஆட்டம் நிற்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப் பைத்தியங்கள் எங்கள் முற்றத்தில் கூடுவார்கள். தான் கடைசியாக எதை மாற்றினாரோ அதுதான் மற்றவரின் காரிலும் நோய் என்று சொல்வது இவர்கள் வழக்கம். போன் திருத்தும் அன்ஸாப், “கியர்பெட்டி மவுண்ட் நானா, எனக்கும் இதேதான்” என்றாராம். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துச் சுஜிதன், “இல்லை அண்ணை, டயர் பெலன்ஸ். போன கிழமைதான் நான் செய்தனான்” என்றாராம். நானா இரண்டையும் செய்தார். ஷாப்டை நடுவில் தாங்கும் சென்டர் பெயாரிங்கையும் மாற்றினார். அறுபதில் கார் அப்படியே ஆடியது.

அந்தப் பெயாரிங் கொழும்பிலிருந்து வரும்வரை கார் கட்டைகளில்தான் நின்றது. கை சும்மா இருக்குமா? நானா குசினிக்குள் நுழைந்தார். மேல் அலுமாரிக் கதவுக்குக் காரின் டிக்கி மூடியைத் தூக்கும் கம்பிகளைப் பூட்டினார். மதினி சீனி எடுக்கத் திறந்தபோது கதவு பாய்ந்து நெற்றியில் மோதியது. மசாலாப் போத்தல்களுக்குக் கீழே நீல விளக்கு எரிந்தது. அதில் மஞ்சள்தூள் பச்சையாகத் தெரிந்தது.

நான் வந்து சேர்ந்தேன். நானா கட்டிப்பிடித்து, “இவ்வளவு சுருக்கா வந்துட்டியே” என்றார்.

கெடு வந்துவிட்டது. செய்த வேலைகளின் படங்களை அனுப்பச் சொல்லி நடராஜா போன் பண்ணினார். நானா செத்த முகத்தோடு பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து காருக்கடியில் புகுந்தார்.

“அம்றா, சுரண்ட பிளேட் ஒண்டு எடுத்து வா!”

பெயின்ட் அடிக்குமுன் எடுத்த படத்தில், ஷாப்டின் முனையிலும் அது பூட்டும் தட்டிலும் நேருக்கு நேராக இரண்டு கீறல்கள் இருந்தன. கழற்றும்போது நானாவே போட்ட அடையாளம். சுழலும்போது ஆடாமல் பழையபடியே பூட்டுவதற்காகப் போட்டதை, அவரே சிவப்புக்குள் புதைத்திருந்தார். சுரண்டிப் பார்த்தோம். ஒரு கீறல் மேலே, மற்றது கீழே.

“நாலு போல்ட். எந்தப் பக்கம் திருப்பினாலும் பூட்டும்” என்றார் படுத்தபடியே. “நான் பெயின்ட் அழகா ஈக்குற பக்கத்தப் பாத்துப் பூட்டிருக்கேன்.”

அன்றிரவே கீறலுக்கு நேராகக் கீறலை வைத்துத் திருப்பிப் பூட்டினார். அடுத்த நாள் பரீட்சை. என்னை ஏற்றவில்லை. “நீ ஏறினா பின்னுக்குப் பாரம் கூடும்.” மதினி விளிம்புவரை நிரம்பிய கிளாஸோடு, ராணிபோல முன்சீட்டில் ஏறினார்.

திரும்பி வரும்போது சந்தியிலேயே ஹோர்ன் கேட்டது. “ஒரு சொட்டும் இல்ல!” என்று நானா கத்தினார். மதினி காலி கிளாஸோடு இறங்கினார். அபாயா உலர்ந்திருந்தது.

“டீ எங்க?” என்றேன்.

“நாவுலைல குடிச்சேன். ஆறிடும் தானே.”

காசோடு வந்து காத்திருந்த நடராஜா வெறுங்கையோடு போகவேண்டியதாயிற்று. போகுமுன் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

“செவப்பு நல்லா இருக்குங்க தொரை.”

நானா அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை.

வருடம் ஒன்றுக்கு மேல் ஆகியிருக்கும். கொழும்பில் அடுத்த விசாவுக்கு வரிசையில் நின்றபோது மதினியிடமிருந்து செய்தி வந்தது:

“ஒங்கட நானா இன்னும் அந்த டீக் கதைய எல்லாருக்கும் சொல்றாரு. ஒங்களுக்கு மட்டும் சொல்றேன். நாலந்தைக்கு முன்னுக்கே, முள்ளு அம்பதுல ஈக்கும்போதே நான் குடிச்சிட்டேன். அவரு ரோட்டப் பாத்துக்கிட்டு ஈந்தாரு. ஆட்டம் நின்னது உண்மதான், ஆனா அது அப்ப எனக்கு எப்பிடித் தெரியும்? கார் போனா ஒங்கட நானா நேரா என்ட குசினிக்குள்ள தானே வருவாரு.”