மூன்று ஆன்டெனாவுக்கு ஒரு அர்ச்சனை

திருத்தணியில் எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. என் மனைவிக்கு வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை ஒன்று வரும்போல இருந்தது. டாக்டர்கள் பேசிய பதிவைச் சென்னைக் கம்பெனி இன்டர்நெட்டில் அனுப்பும். கேட்டு அடித்து அனுப்ப வேண்டும். திங்கள் முதல் ஒரு வாரம் சோதனை. நடுவில் லைன் அறுந்தால் வேலை கிடையாது.

போன் லைன் இருந்ததோ கீழே, சமையல்கூடத்தை ஒட்டி. மலைக்கோயிலுக்குப் பிரசாதம் செய்கிற குடும்பம் நாங்கள். எங்கள் கிரைண்டர் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மாடி அறைதான் அமைதி.

"அதுக்கு வயர்லெஸ் இருக்கே" என்று அவள் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினேன். என்னை யாரும் கேட்கவில்லை.

கடைக்காரர் இரண்டு வயர்லெஸ் பெட்டி காட்டினார். ஒன்று பழைய மாதிரி, எதோடும் ஒத்துப்போகும். புதியதில் மூன்று ஆன்டெனா. "இதோட ஸ்டாண்டர்டு இன்னும் முடிவாகலை சார். வேற கம்பெனி கார்டோட சேருமான்னு சொல்ல முடியாது. லேப்டாப் கையிலதான இருக்கு, இங்கியே போட்டுப் பாத்துடலாம்" என்றார் அந்த நல்ல மனுஷன்.

எங்கள் வீட்டில் மிக்சியானாலும் முருகன் பாதத்தில் வைத்த பிறகுதான் சுற்றும். "பூஜை போடாம கரண்ட் குடுக்கிற வழக்கம் இல்லீங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, மூன்று ஆன்டெனாவை வாங்கி வந்து மலையேறினேன். சந்தனம், குங்குமம், முழம் பூ. குருக்கள் விபூதியைத் தாராளமாகத் தூவினார். மேல்மூடியில் காற்றுப் போக ஓட்டைகள் இருந்ததை நான் யோசிக்கவேயில்லை.

ஞாயிறன்று மாட்டினோம். அவள் லேப்டாப்பின் கார்டு வேறு கம்பெனி. ஐந்து நிமிஷம் வரும், அப்புறம் போய்விடும். கடைக்குப் போன் போட்டேன்.

"மாத்தித் தரலாம் சார். பெட்டி வாங்கின மாதிரியே இருக்கணும்."

ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சந்தனக்கறை போகவில்லை, உள்ளே விபூதி வேறு.

அவள் என் மாமன் மகள், சின்ன வயதிலிருந்தே நான் அவளுக்குப் பாவாதான். "பாவா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று லேப்டாப்பைக் கீழே, போன் லைன் இருந்த மளிகை அறைக்குக் கொண்டுபோனாள். வயரைச் செருகி, காதில் ஹெட்போன், அதன்மேல் தலையோடு ஒரு துண்டு. புளி மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவில் ஆறு நாள் வியர்த்துகினு அடித்தாள்.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து போன். பக்கத்தில் நின்ற எனக்கும் குரல் கேட்டது. வேலை கிடைத்துவிட்டது. "லைன் ஒரு தடவைகூட அறுந்துபோகலையே, என்னம்மா வெச்சிருக்கீங்க?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரு புதுசா வயர்லெஸ் வாங்கிக் குடுத்தாருங்க."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். வெட்கத்தில், யாரும் கேட்காத பருப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.