பொன்மணி மேடம் ஏறிய பாலம்

சங்கரன்கோவிலுக்கு வெளியே இருக்கும் ஒரு பாலிடெக்னிக்கில் பொன்மணி சிவில் பாடம் எடுக்கிறாள். சொந்த ஊர் புளியங்குடிப் பக்கம். அப்பா நல்லகண்ணுவுக்கு எலுமிச்சைத் தோட்டம். அவள் படித்த காலத்தில் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படிப்பு முடிந்ததும் தென்காசியில் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தாள். மூன்று மாடி உயரச் சாரத்தில் கையை வீசிக்கொண்டு நடப்பாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு வந்தது, உடம்பு கூடிக்கொண்டே போனது. முதலில் சாரம் ஏறுவதை விட்டாள். பிறகு அந்த வேலையையும் விட்டுவிட்டுப் பாடம் நடத்த வந்தாள்.

யாரும் அவளைக் கேலி செய்ததில்லை. ஷேர் ஆட்டோக்காரர்தான், "யக்கா, நீங்க நடுவுல உக்காருங்க, வண்டி சாயுதுல்லா" என்பார். அக்கறையாகத்தான் சொல்வார். அந்த அக்கறைதான் அவளுக்கு வலிக்கும். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கச் சொன்னால், போன வாரம்தான் பார்த்தேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி நழுவிவிடுவாள்.

வகுப்பில் மட்டும் அவளுக்கு இதெல்லாம் நினைவுக்கே வராது. அன்றைக்கு டெட் லோடு, லைவ் லோடு பாடம்.

"சுவரு, தளம், தூணு, இதெல்லாம் கட்டடத்தோட சொந்த எடை. எப்பவும் அங்கனயே இருக்கும். அது டெட் லோடு. வந்து போற ஆளு, கட்டில், பீரோ, இதெல்லாம் லைவ் லோடு."

கடையநல்லூரிலிருந்து வரும் ஆபிதா பானு எழுந்தாள். "மேடம், மாடியில ஒரு மாடு செத்துக் கிடந்தா அது என்ன லோடு?"

வகுப்பே சிரித்தது. பொன்மணிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாளைக்குத் தூக்கிட்டுப் போயிருவாவல்லா. அப்ப செத்த மாடும் லைவ் லோடுதான் மக்கா."

"சுவத்துல முளைச்ச ஆலங்கன்னு?" என்றான் காளிராஜ்.

"அதை முதல்ல பிடுங்குலே."

சிரித்தார்கள், ஆனால் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒன்றைக் கட்டிப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தாள். பட்டறைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கேன்டீனுக்குப் போக வேண்டுமென்றால் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். அதன் குறுக்கே சவுக்குக் கம்பும் பலகையும் வைத்துச் சின்னப் பாலம் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கம்பையும் பலகையையும் எடை போட்ட பிறகே ஆணி அடித்தார்கள். அது டெட் லோடு. ஒரே நேரத்தில் ஐந்து பேர் வருவார்கள், அது லைவ் லோடு என்று பிள்ளைகளே தீர்மானித்தார்கள்.

சோதித்துப் பார்க்கும் நாள் வந்தது. முதலில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். பாலம் லேசாக வளைந்தது, மூட்டையை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது. பிறகு காளிராஜ் நடந்தான், ஆபிதா நடந்தாள்.

"ஆளுக்கு எத்தனை கிலோன்னு எடுத்தீங்க?"

"அறுபத்தஞ்சு, மேடம்."

"அதுக்கு மேல எடை உள்ள ஆளு வந்தா?"

பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் பார்க்கிறார்கள் என்று புரிந்ததும் பொன்மணிக்குக் காதெல்லாம் சுட்டது. பேச்சை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதை அந்தரத்தில் விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"அந்த எடை மெஷினை இங்கன கொண்டாங்கலே" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். "ஏட்டி ஆபிதா, சத்தமா வாசி."

"தொண்ணூத்தெட்டு, மேடம்."

"நானும் லைவ் லோடுதான். என்னை விட்டுட்டுப் போட்ட கணக்கு தப்பு. திரும்பப் போடுங்க."

மணலிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். காளிராஜ்தான் முதலில் தலை நிமிர்ந்தான். "தாங்கும் மேடம். நீங்க ரெண்டு பேரா வந்தாலும் தாங்கும்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பொன்மணி சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் சிரிக்கவும் மற்றவர்களும் சிரித்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையில் கால் வைத்தாள். பலகை கிரீச்சிட்டது. உள்ளங்காலில் அது மெல்லத் துள்ளியபோது உடம்பு லேசாகிவிட்டது போலிருந்தது. நடுவில் நின்று, வேண்டுமென்றே குதிகாலைத் தூக்கித் தூக்கி அசைந்தாள்.

வாய்க்காலில் இறங்கி, பாலத்துக்குக் கீழே ஸ்கேலோடு குனிந்திருந்த காளிராஜ், "அரை இஞ்சுகூட இறங்கலை மேடம்" என்றான்.

"ஆபிதா, நீயும் வா."

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள்.

அடுத்த வாரமே மெக்கானிக்கல் பிள்ளைகளும் அந்த வழியாகக் கேன்டீனுக்குப் போகத் தொடங்கினார்கள். கூட்டமாக ஏறிவிடக் கூடாதென்று, 'ஒரே நேரத்தில் ஐந்து பேர்' என்று பலகை எழுதி வைத்தார்கள். மறுநாள் அதன் கீழே சின்ன எழுத்தில், 'மேடம் வந்தால் நான்கு' என்று யாரோ சேர்த்திருந்தார்கள்.

பொன்மணி நின்று அதை வாசித்தாள். தன்னையும் இன்னும் மூன்று பேரையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது. பாலத்தில் ஏறி டீ குடிக்கப் போனாள்.