கெல்லரிலிருந்து வந்த பதில்

நம்பாதவர்கள் எங்கள் ஷ்லீரன் ஊருக்கு வாருங்கள். அந்தக் கெல்லரின், அதுதான் வீட்டுக்குக் கீழே உள்ள நிலவறையின், கதவைக் காட்டுகிறேன். திறக்க மட்டும் சொல்லாதீர்கள்.

வீடுகளின் இணைய இணைப்பைத் திருத்துவது என் வேலை. ராஜேஸ்வரி அக்கா அழைத்தபோது அவர் கணவர் தில்லைநாதன் இறந்து ஒரு மாதம். அக்காவின் தங்கை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் கிடந்தார். வீடியோவில் தங்கையின் முகம் தெரிந்ததுமே இணைப்பு அறுந்துவிடுமாம்.

“அவர் இருக்கேக்கையும் இப்பிடித்தான், தம்பி. நான் தங்கச்சியோட கதைச்சா, கீழ கெல்லருக்குப் போய் வயரைக் கழட்டுவார். பிறகு மேல வந்து, ‘கதைச்சு முடிஞ்சுதோ?’ எண்டு கேப்பார்.”

கேட்டுச் சிரிப்பாராம்.

வீட்டு ரவுட்டர் முதலில் கம்பிக்குள் கூவும்: யாராவது இருக்கிறீர்களா? எங்கள் நிறுவனத்துக் கருவி தன் பெயரைச் சொல்லிப் பதில் தரும். ரவுட்டர் கணக்கையும் கடவுச்சொல்லையும் ஒப்படைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சுரங்கம் திறக்கும். இணையம் அதற்குள்ளால்தான் வருகிறது. ஒரு கணக்குக்கு ஒரே சுரங்கம். அதே கணக்கை இன்னொருவர் திறந்தால் முதலாவது அறுந்துவிடும்.

யார் முந்திப் பதில் சொன்னாலும் ரவுட்டர் நம்பிவிடும்.

அக்காவின் கணக்கில்தான் பிழையோ என்று பார்க்க, அவர் ரவுட்டரில் என் வீட்டுக் கணக்கையும் கடவுச்சொல்லையும் போட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அதுவும் அறுந்தது.

மடிக்கணினியைக் கம்பியில் கொழுவினேன். கூவலுக்கு இரண்டு பதில்கள். முந்தி வந்ததில், கருவியின் பெயர் இருக்கும் இடத்தில்... தில்லை.

மனிதர் பழைய பெட்டி எதையோ கீழே விட்டிருக்கிறார் என்று இறங்கினேன். இருந்தது. தூசி படிந்த ரவுட்டர். மின்வயரே இல்லை.

தொட்டேன். சுட்டது.

பட்டென்று விளக்கு அணைந்தது. கெல்லர் விளக்குகள் தானாக அணைபவைதான்... ஆனால் பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி சிமிட்டியது.

கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்து, பெட்டிக்குப் போன கம்பியை வெட்டிவிட்டு மேலே ஓடினேன். அக்காவின் கணக்கை மீண்டும் போட்டேன். தங்கையின் முகம் வந்தது. கண் திறந்தார்.

“அக்கா...”

அறுந்தது.

என் மடிக்கணினித் திரையில் இப்போது ஒரே பதில்தான்.

தில்லை.

என் கைபேசியில் அழைத்துக் கொடுத்தேன். எடுத்தது தாதி. எல்லாம் முடிந்துவிட்டதாம்.

அக்கா அழவில்லை. வாசலையே பார்த்தார்.

“இப்ப மேல வருவார், தம்பி.”

படியில்... டக்.

டக்.

நான் பால்கனியால் குதித்தேன். முதல் மாடிதான்.

மறுநாள் என் வீட்டில் மனைவி ஜெனனி தன் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தாள். இணைப்பு அறுந்தது. நிறுவனத்துப் பதிவைத் திறந்தேன். என் கணக்கில் இன்னொரு சுரங்கம். தில்லைநாதன் வீட்டுக் கெல்லரிலிருந்து. நான் வெட்டிய கம்பியிலிருந்து.

உள்ளறையில் இருந்து ஜெனனி எரிச்சலோடு கேட்டாள்.

“லைன்தானே கட்டாயிட்டுது. பிறகேன் சிரிச்சுச் சிரிச்சு, ‘கதைச்சு முடிஞ்சுதோ’ எண்டு கேக்கிறியள்?”

நான் வாயே திறக்கவில்லை.