ஆரோக்கியசாமி சார் வீட்டில் மலர்ந்த என் பவளம்

ஆரோக்கியசாமி சார் மறைந்த செய்தி வந்தபோது, வடலூரில் என் வீட்டு மீன்தொட்டிக்காக உப்புநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். போனில் அவர் மனைவி பிலோமினா. "சார், அவரு விடியக்காலையில போயிட்டாருங்க" என்றார். வாளியை அப்படியே விட்டுவிட்டு நெய்வேலிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கண் கலங்கியது. கூடவே, அவர் தொட்டியில் இருக்கும் என் பவளத்தின் நினைப்பும் வந்தது. எங்கள் இருவரையும் அறிந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஒரே பள்ளியில் அவர் வரலாறு நடத்தினார், நான் வேதியியல். ஓய்வு பெற்றதும் நான் நெய்வேலியில் நிலக்கரி கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூர் வந்தேன். அவர் மனைவிக்கு அதே கம்பெனியின் மைன்ஸ் அலுவலகத்தில் பெர்மனன்ட் வேலை என்பதால், அவர் மட்டும் அதே மரநிழலில், கரண்ட் போகாத வீட்டில் இருந்தார். என் பொறாமை அங்கே தொடங்கியது. இருவருமே கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்த்தோம். பார்க்கக் கல் போல இருந்தாலும் பவளம் ஓர் உயிர். இடம் பிடித்தால் சதை விரிந்து மலரும், பிடிக்காவிட்டால் சுருங்கிக்கொள்ளும். அவர் வீட்டில் எல்லாமே மலர்ந்தன.

ஒருமுறை, பண்ணையில் வளர்த்த இரண்டு துண்டுகளை ஆளுக்கொன்றாக வாங்கினோம். நான் என்னுடையதை நேராகத் தொட்டியில் வைக்கப் போனேன். அவர் தடுத்தார். பவளம் இருந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூடு சமமானதும், மெல்லிய குழாயில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டார். பிறகு மருந்து நீரில் அலசினார். தெரிந்த கடையில் வாங்கியதுதானே என்றேன். "நல்ல குடும்பத்துப் புள்ள தலையிலயும் பேன் இருக்கும் சார்" என்றார். அலசிய நீரில் புழுக்கள் நெளிந்தன.

அடுத்து, வெளிச்சம் குறைந்த அடிமூலையில் வைக்கச் சொன்னார். "வேற ஸ்கூல்லேர்ந்து வர்ற புள்ளைய மொத நாளே முன்பெஞ்சுல உக்கார வச்சிக் கேள்வி கேப்பீங்களா?" உதாரணம் சொல்லியே வகுப்பில் பெயர் வாங்கியவன் நான். இந்த உதாரணம் எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

அந்தத் துண்டுகள் சுத்தியல் பவளம். விரல் போல நீளும் அதன் சதையின் நுனி சுத்தியல் தலை வடிவில், பச்சையாக இருக்கும். அவருடையது மலர்ந்தது. என்னுடையது சுருங்கியது. எங்கள் பக்கத்தில் அடிக்கடி கரண்ட் போவதுதான் காரணம் என்றேன். "கரண்ட்டால இல்ல சார். நீங்க அதைத் தெனம் எடம் மாத்திக்கினே இருக்கீங்க" என்று சொல்லி, தேற்றித் தருவதாக எடுத்துப்போனார்.

அங்கே போய் அது மலர்ந்தது. வருகிறவர்களெல்லாம் அதைத்தான் முதலில் புகழ்ந்தார்கள். பெற்ற பிள்ளை பக்கத்து வீட்டில் மட்டும் வயிறாரச் சாப்பிட்டால் எப்படி இருக்கும்? "ஒங்க புள்ள ஆஸ்டல்ல நல்லா சதை போட்டுடுச்சிங்க சார்" என்று பிலோமினா வேறு சீண்டுவார். திருப்பிக் கேட்கும்போதெல்லாம் சார், "இன்னும் ஒரு வாரம், ஒடம்பு தேறட்டும்" என்பார். பொங்கலும் போனது, ஈஸ்டரும் போனது. என் கையை அவர் நம்பவில்லை என்றே நினைத்துக் குமைந்தேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, பிலோமினா கூப்பிட்டு அந்தப் பவளத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார். என்னிடம் இது பிழைக்கும் என்று சார் நம்பவில்லையே என்றேன்.

"நம்பாம இல்லீங்க. உங்க வூட்டுல இதைவிட நல்லா மலந்துடுமோன்னு அவருக்கு வயித்தெரிச்சல். எங்கிட்ட சொல்லிக்கினே இருந்தாரு. தண்ணியில உப்பெல்லாம் கலக்குற கணக்கு உங்களுக்குத்தான் தெரியுமாம். நீங்க கைய மட்டும் அடக்கிக்கினு இருந்தா அவரு தொட்டியை ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்களாம்."

பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சொட்டு நீர், மருந்து நீர், அடிமூலை என்று ஒன்றும் விடவில்லை. வைத்த இடத்திலிருந்து நகர்த்தவுமில்லை. போன வாரம் அது மலர்ந்தது. அவர் வீட்டில் இருந்ததைவிட நன்றாகவே மலர்ந்திருக்கிறது. அவர் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

சாரின் நினைவாக அவரவரிடம் ஏதாவது இருக்கும். எனக்கு அவர் என்மேல் பட்ட பொறாமை இருக்கிறது. இத்தனை வருடத்தில் வேறு யாரும் என்னை அந்த அளவுக்கு மதித்ததில்லை.