கோல் போடாதவருக்கு வந்த டீ

எங்கள் தொழிற்சாலை ஹாக்கி அணியின் சென்டர் ஃபார்வர்டுக்கு மார்ச் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்களுக்கு எங்களிடம் வருடா வருடம் கையெழுத்து. காலையில் பேக்கிங் பிரிவில் வேலை, நான்கு மணிக்கு மேல் பயிற்சி. அணியில் இடம் போனால் பேக்கிங்கிலும் இடம் போய்விடும். அவருக்குச் சொந்த ஊர் கௌதள்ளி. பள்ளி நாட்களிலேயே மைசூர் விளையாட்டு விடுதிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். மனைவி கார்மென்ட்ஸுக்குப் போகிறார், மகள் ஒன்றாம் வகுப்பு. முதல் இரண்டு வருடம் அணியின் கோல்களில் பாதிக்குமேல் அவருடையவை. அந்த வருடம் தசராவுக்குப் பிறகு ஒரு கோல்கூட இல்லை.

நான் மட்டை பிடித்தவன் அல்ல. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் பார்த்துக் குறிப்பெழுதுவது நெடுநாள் பழக்கம். என்ன தேதி, யாரோடு ஆட்டம், டர்ஃபுக்குத் தண்ணீர் அடித்திருந்தார்களா, எந்த நிமிடத்தில் யார் கோல் போட்டார் என்று எழுதி, மறுநாள் தொழிற்சாலை வாட்ஸப் குழுவில் கன்னடத்தில் போடுவேன். ஆட்டத்தின் கடைசி விசிலோடு பேனாவை மூடிவிடுவேன். இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் எச்.ஆர். மேலாளர் அம்மையார் ஒப்பந்தக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார். அவர், கோச், நான் என்று மூன்று பேர்.

கோச் மைசூர் மண்டி மொகல்லாவில் பிறந்து வளர்ந்த தமிழர். கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு, லீகின் கடைசி ஆட்டத்தன்று, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன குரு, உங்க நோட்டு லெக்கப்படி இவன் அவுட்டா?"

"கோல் இல்லையே சார்."

"கோல் இல்ல, கரெக்டு. ஆனா இவனை வெளிய ஒக்கார வெச்சா டீம் ஆடமாட்டேங்குது. ஏன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் சொன்னா, கோச் தன் ஆளுக்கு வக்காலத்து வாங்கறான்னு அந்தம்மா நினைப்பாங்க."

அன்று நான் பந்தைப் பார்க்காமல் சென்டர் ஃபார்வர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணியின் தடுப்பில் நின்ற ஃபுல்பேக் ராமாபுரத்துக்காரர், கதவு மாதிரி உடம்பு. ஆட்டம் முழுக்க அவர் நம் ஆளைவிட்டு ஒரு கை தூரம்கூட நகரவில்லை. இவர் இடப்பக்கம் போனால் அவரும் போனார். இவர் குனிந்து காலுறையை இழுத்துவிட்டால் அவரும் நின்றார். இரண்டாம் பாதியில் ஒரு பந்து கோல்கீப்பரைத் தாண்டி இவர் மட்டைக்கு நேராக வந்தது. வலை திறந்து கிடந்தது. இவர் பந்தை நிறுத்தினார், தலையைத் தூக்கிப் பார்த்தார், அதற்குள் ஃபுல்பேக்கின் மட்டை குறுக்கே விழுந்துவிட்டது. கேலரியில் யாரோ சிரித்தார்கள். கடைசியில் எங்கள் இளைய ஃபார்வர்டு ஒருவர் வலப்பக்கம் தனியாக நின்று ஒரு கோல் போட்டார். ஜெயித்தோம்.

எங்கள் லீகில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் மைதான வாசல் டீக்கடைக்குப் போகும். தோற்ற அணியின் தடுப்பாட்டக்காரர்கள், ஜெயித்த அணியில் தங்களை அதிகம் படுத்தியது யாரோ அவர் கையில் முதல் கிளாஸைக் கொடுக்க வேண்டும். அந்தக் கிளாஸை வாங்கியவருக்கு அன்று கொஞ்சம் திமிர் அனுமதி. நான் வழக்கமாக அதற்குள் பஸ் ஏறியிருப்பேன். அன்று கூடவே போனேன்.

ஃபுல்பேக் கிளாஸோடு வந்தார். கோல் போட்ட இளைஞர் கையை நீட்டினார். அவரைத் தாண்டிப்போய் நம் சென்டர் ஃபார்வர்டு கையில் கொடுத்தார்.

"இந்தாடா, குடி. உன்னையே பாத்து என்ற கழுத்தே சுளுக்கிருச்சு."

"அண்ணா, கோல் போட்டது நானு!" என்றார் இளைஞர்.

"போட்டப்போ உம் பக்கத்துல யாருடா இருந்தா?"

"யாருமில்ல."

"ஏன் இல்ல?"

இளைஞர் யோசித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இந்த சீசன்ல அவனுக்கு இது எத்தனாவது டீயோ! சர்க்கரை வியாதி வரப்போகுது," என்று கடைக்காரர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

எனக்குச் சந்தேகம் விடவில்லை. இருவர் ஊரும் ஒரே ஹனூர் தாலுகா. ஆட்டத்தின் நடுவே தமிழில் திட்டிக்கொள்கிறவர்கள். ஃபுல்பேக்கைத் தனியே கூப்பிட்டு, ஊர்ப்பாசமா என்று கேட்டேன்.

"பாசமா? முந்தின வருசம் இவன் என்னைத் தாண்டிப் போட்ட கோலுக்கு எங்க கோச் என்னைய ஒரு மாசம் பெஞ்சுல ஒக்கார வெச்சுப்போட்டாருங்க. அதுக்கப்புறம் இவனை உட்டுட்டு நகர எனக்குத் தைரியமில்லீங்க சார்."

அப்போதுதான் டிசம்பரில் நடந்த ஓர் ஆட்டம் நினைவுக்கு வந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று நம் ஆள் வராத நாள். இதே அணி, இதே ஃபுல்பேக். அன்று அவர் பின்னால் நிற்கவே இல்லை. நடுக்களம்வரை ஏறி வந்து எங்களை மிதித்துத் தள்ளினார். அதே இளைய ஃபார்வர்டு பந்தைத் தொடவே திணறினார். எங்கள் தோல்விக்கு மழையைக் காரணமாக எழுதியிருந்தேன்.

டீக்கடையிலிருந்து பஸ் ஸ்டாப்வரை சென்டர் ஃபார்வர்டும் கூட வந்தார். கூட்டம் எந்தக் கிழமை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"சார், அங்க டீக் கதையெல்லாம் சொல்லிப்போடாதீங்க."

"ஏன்?"

"பாவம்னு வெச்சுக்கிட்ட மாதிரி ஆயிரும். கோல் வரலீங்க. வரலைன்னே சொல்லுங்க." மட்டைப் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "முன்னெல்லாம் அடிச்சுப்போட்டுத்தான் யோசிப்பேன். இப்ப யோசிச்சுட்டு அடிக்கிறேன். அதுக்குள்ள கதவைச் சாத்திர்றாங்க."

"வேலை போனால்?"

"ஊர்ல மச்சான் டிராக்டர் வெச்சிருக்கான். ஓட்டலாம். பாப்பாவை இந்த ஸ்கூல்ல இருந்து எடுக்கோணும். அதான்."

கூட்டத்தில் நான் எதையும் மறைக்கவில்லை. திறந்த வலையின் முன் தவறவிட்டதைச் சொன்னேன். கோல் இல்லை என்றேன். பிறகு டிசம்பர் ஆட்டத்தையும் கடைசி ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் நிற்கும் இடத்தில் ஒரு தடுப்பாட்டக்காரர் கட்டிப்போடப்படுகிறார், அந்த இடைவெளியில்தான் மற்றவர்கள் கோல் போடுகிறார்கள் என்றேன். டீயைப் பற்றியும் சொன்னேன். அது பாவப்பட்டுக் கொடுத்ததில்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டிருந்தது.

மேலாளர் அம்மையார் பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"சரி. அவர்கள் இன்னும் பயப்படுவது அவருடைய பழைய கோல்களுக்குத்தானே? அந்தப் பயம் எத்தனை நாள் இருக்கும்? புதிதாக வருகிற ஒருவர் உங்கள் வாட்ஸப் குறிப்பைப் படித்தால், இவர் பக்கத்தில் எதற்காக நிற்பார்?"

கோச் என்னைப் பார்த்தார். அது நம் குழுவுக்குள் மட்டும்தானே போகிறது என்றேன். என் குறிப்பு தொழிற்சாலைக் குழுவைத் தாண்டிப் போகும் என்றே நான் நினைத்ததில்லை. ஆனால் கோச், "ஐயோ மேடம், அது எல்லா டீமுக்கும் ஃபார்வர்டு ஆகுது," என்றார்.

கடைசியில் ஒரு வருடம் நீட்டித்தார்கள். சம்பளம் அதே. அடுத்த மார்ச்சில் மறுபடி பார்ப்பது என்று முடிவு. அவரிடம் நானே போய்ச் சொன்னேன், அந்த அம்மையாரின் கேள்வியையும் சேர்த்து.

"அப்ப அவனுங்க நம்பறவரைக்கும்தான் எனக்கு வேலை," என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரி இல்லை. கணக்குப் புரிந்துவிட்ட ஆள் மாதிரி தலையாட்டினார்.

மழைக்காலம் முடிந்து லீக் தொடங்கியது. முதல் ஆட்டமே ராமாபுரத்துக்கார ஃபுல்பேக்கின் அணியோடு. அவருக்கு முழங்காலில் கட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் இடத்தில் ஒரு புதுப் பையன். அந்த அம்மையார் சொன்னது அப்படியே நடந்தது. பையன் நம் ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இளைய ஃபார்வர்டை ஒட்டிக்கொண்டான். எங்களுக்கு ஒரு வழியும் திறக்கவில்லை. இவரிடம் தனியாக ஒரு பந்து வந்தது. இந்த முறை யோசிக்காமல் அடித்தார். கோல்கம்பத்தில் பட்டு, கேலரி எல்லாம் கேட்கும்படி சத்தம் போட்டு, வெளியே போயிற்று.

இவர் பையனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏந்தம்பி, நான் ஒருத்தன் இங்க இருக்கறது தெரியலையா? அடுத்தது உள்ள போகும். பக்கத்துல வந்து நில்லு."

பெஞ்சிலிருந்து ராமாபுரத்துக்காரர் எழுந்தேவிட்டார். "டேய்! அவனை உடாதேடா! உட்டுட்டு என்னை மாதிரி ஒரு மாசம் பெஞ்சுல ஒக்காராதே!"

பையன் தயங்கினான். கம்பத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு எட்டு நகர்ந்து இவர் பக்கத்தில் வந்து நின்றான். அடுத்த சில நிமிடங்களில் வலப்பக்கம் தனியாக நின்ற இளைஞர் கோல் போட்டார்.

டீக்கடையில் பையன் முதல் கிளாஸை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்று முழித்தான். பிறகு நேராக இவரிடம் வந்தான். இவர் வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை இளைஞர் கையில் கொடுத்தார்.

மறுநாள் குறிப்பில் தேதி, எதிரணி, நிமிடம், கோல் போட்டவர் என்று எழுதி முடித்தேன். பேனாவை மூடாமல் அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: முதல் டீ, சென்டர் ஃபார்வர்டுக்கு. அது எல்லா அணிக்கும் போய்ச் சேரும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.